உமாவின் ப்ரோக்ராமில் விட்டுப்போன ஒரு வரி

இந்த ஆடியில், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்தரை மணி இருக்கும். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மாடியில் இருந்து உமா இறங்கி வந்தாள். கையில் லேப்டாப், திறந்தபடியே. அதை ஒரு தட்டு போல ஏந்திக்கொண்டு வந்தாள்.

முகத்தைப் பார்த்தேன். ரத்தமே இல்லை.

"என்னட்டி ஆச்சு? சென்னையில இருந்து போன் வந்ததா?"

என் கணவர் அலுவலக வேலையாகச் சென்னை போயிருந்தார். நம் மனசு உடனே எங்கே போகும்? அங்கேதான் போனது.

"அண்ணனுக்கு ஒண்ணும் இல்ல மைனி. நான்தான்... ஒரு தப்பு செஞ்சிட்டேன்."

வாராவாரம் வரும் இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு உமாவைத் தெரியும். என் கணவரின் தங்கை. நாற்பது வயது. பெங்களூரில் பல வருடம் ஆராய்ச்சி செய்தவள். இப்போது தோவாளையில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து ஒரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள். கேஸ் தீர்ந்தால் கீழே வந்து என் அடுப்பில் டீ போட்டுக்கொள்கிற அதே உமா. அவளைப் பற்றி நான் எழுதியதெல்லாம் சிரிக்கிற விஷயங்கள்தான்.

இது சிரிக்கிற விஷயம் இல்லை. எழுதட்டுமா என்று அவளிடமே கேட்டேன். "எழுதுங்க மைனி, வழக்கம்போல பேரை மட்டும் மாத்திருங்க" என்றாள். மாற்றியிருக்கிறேன்.

முதலில் அவள் என்ன செய்கிறாள் என்று சொல்லிவிடுகிறேன். எனக்குப் புரிந்த அளவில்தான். பி.காம். படித்தவளிடம் இதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

நம் உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஜீன்கள் இருக்கின்றன. செல்லுக்கு ஏதாவது வேலை நடக்க வேண்டும் என்றால், அதற்கான ஜீனில் இருந்து ஒரு நகல் எடுக்கும். அந்த நகலின் பெயர் ஆர்.என்.ஏ. நகல் எடுத்து முடித்ததும் கடைசியில் ஒரு வால் ஒட்டும். 'ஏ ஏ ஏ ஏ' என்று ஒரே எழுத்து வரிசையாக வருகிற வால். இதோடு முடிந்தது என்று அர்த்தம்.

விஷயம் என்னவென்றால், ஒரே ஜீனின் நகல் எப்போதும் ஒரே இடத்தில் முடிவதில்லை. சில சமயம் சீக்கிரமே வால் ஒட்டி, குட்டையாக முடிந்துவிடும். சில சமயம் நீளமாகப் போய் முடியும். இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. ஆல்டர்நேட்டிவ் பாலிஅடினைலேஷன். (நான் மூன்று நாள் பழகினேன். இப்போது தடுக்காமல் சொல்வேன்.)

குட்டையா, நீளமா என்பதில் என்ன இருக்கிறது? இருக்கிறது. சில புற்றுநோய்களில் சில ஜீன்களின் நகல்கள் குட்டையாகிப் போகின்றனவாம். அதனால் டாக்டர்கள் அதைக் கவனிக்கிறார்கள்.

எப்படிக் கவனிப்பது? ஆர்.என்.ஏ.வைத் துண்டு துண்டாக்கி மெஷினில் போட்டு வாசிக்கிறார்கள். கோடிக்கணக்கான துண்டுகள். அந்தத் துண்டுகளை எல்லாம் ஜீனுக்கு மேலே அடுக்கிப் பார்த்தால், ஒரு இடத்தில் கூட்டம் சட்டென்று குறையும். அங்கேதான் நகல் முடிந்திருக்கிறது. மனிதக் கண்ணால் இதைப் பார்த்து முடிக்க முடியாது. ஒரு ப்ரோக்ராம் வேண்டும்.

அந்த ப்ரோக்ராமை உமா எழுதினாள். பெங்களூரில் இருக்கும்போதே. பெயர் 'நுனி'. உலகத்தில் யார் வேண்டுமானாலும் நெட்டில் இருந்து எடுத்துப் பயன்படுத்தலாம். இலவசம். கம்பெனி வேலை முடிந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில், யாராவது சந்தேகம் கேட்டால் பதில் எழுதுவாள். சின்னச் சின்னதாகத் திருத்துவாள். கோலத்தை அழித்து அழித்துப் போடுகிற மாதிரி.

அன்றைக்குக் காலையில் ஒரு மெயில் வந்திருக்கிறது. எங்கோ ஒரு நாட்டில் ஆராய்ச்சி செய்கிற யாரோ ஒருத்தர். ரொம்பப் பணிவான மெயில். 'இந்த ஒரு ஜீனுக்கு உங்கள் ப்ரோக்ராம் சொல்லும் எண்ணும், மற்ற ப்ரோக்ராம்கள் சொல்லும் எண்ணும் ஒத்துப்போகவில்லை. நான் ஏதாவது தப்பாகச் செய்கிறேனா?'

"அவங்க தப்பு செய்யல மைனி. நான் செஞ்சிருக்கேன்."

கீரையைத் தள்ளி வைத்தேன். அவளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தேன். 

"ரெண்டு ஜீன் எதிரும் புதிருமா இருக்கும் மைனி. வாலுக்கு நேரா வாலு. ஒண்ணு இந்தப் பக்கமிருந்து வரும், ஒண்ணு அந்தப் பக்கமிருந்து வரும். துண்டு எந்த ஜீனோடதுன்னு பாத்துப் பிரிக்கணும். பிரிக்கலன்னா பக்கத்து ஜீனோட துண்டையும் இதோட கணக்குல சேத்துரும். அப்பம் குட்டையா முடிஞ்ச நகல்கூட நீளமா இருக்க மாதிரி தெரியும்."

"சரி..."

"வேகமா ஓடணும்னு போன கார்த்திகையில ஒரு மாத்தம் செஞ்சேன். அதுல அந்தப் பிரிக்குத வரிய ஒரு இடத்துல விட்டுட்டேன். ஒரே ஒரு வரி. நான் சோதிச்சுப் பாத்த டேட்டாவுல அப்படி எதிரெதிர் ஜீனே இல்ல. எல்லாம் சரியா வந்துட்டு. எட்டு மாசமா உலகம் பூரா தப்பா ஓடிட்டு கெடக்கு."

இவ்வளவுதானா என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதைச் சொல்லவும் செய்தேன். "ஆராய்ச்சிதானேட்டி? திருத்திக்கிட்டா போச்சு."

அவள் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். பழைய மெயில் ஒன்று.

அந்த மெயில் எனக்குத் தெரியும். இரண்டு மாதம் முன்னால் வந்தது. ஐரோப்பாவில் ஒரு ஆஸ்பத்திரி. ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே ஒரு டாக்டர் உமாவுக்கு நன்றி சொல்லி எழுதியிருந்தார். மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்த முப்பத்தேழு பெண்களை வைத்து அவர்கள் ஒரு ஆய்வு நடத்துகிறார்கள். யாருக்கு நோய் திரும்ப வர வாய்ப்பு அதிகம், யாருக்குக் குறைவு என்று பிரிக்கிறார்கள். அதிகம் என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். குறைவு என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. பிரிப்பதற்கு அவர்கள் பார்க்கும் சில விஷயங்களில் ஒன்று, 'நுனி' சொல்லும் எண்.

அந்த மெயில் வந்த அன்றைக்கு நான் பாயசம் வைத்தேன். மெயிலைச் சத்தமாக வாசித்து என் கணவருக்குக் காட்டினேன். நம் வீட்டு மாடியில் இருப்பவள் எழுதியது எங்கேயோ யாருக்கோ உதவுகிறதே என்று.

இப்போது அதே மெயிலை மறுபடி வாசித்தேன். கீழே, சின்ன எழுத்தில், எந்த வெர்ஷனைப் பயன்படுத்தினார்கள் என்று போட்டிருந்தது.

"தப்பு இருக்க வெர்ஷன் இதுதானா?"

"இதேதான் மைனி."

"அந்த ஜீன்?"

"அவங்க பாக்குத ஜீன்ல ரெண்டு, எதிரெதிர் ஜோடியில வருது."

குட்டையாக இருந்தால் ஆபத்து. ப்ரோக்ராம் குட்டையை நீளம் என்று சொல்லியிருக்கிறது. அப்படியென்றால் ஆபத்து உள்ள யாருக்கோ, 'உங்களுக்கு ஒன்றுமில்லை, ஆறு மாதம் கழித்து வாருங்கள்' என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். இரண்டு மாதம் முன்னால். பாயசம் வைத்த நேரத்தில்.

நான் பிறந்தது தக்கலைப் பக்கம். அங்கே பயத்துக்கு 'பேடி' என்று ஒரு சொல் உண்டு. பயம் நெஞ்சில் இருக்கும். பேடி வயிற்றில் இருக்கும். அன்றைக்கு எனக்கு வந்தது பேடி.

இப்போது நான் சொல்லப்போவதை என் மேல் மரியாதை உள்ள வாசகர்கள் தாண்டிப் போய்விடலாம்.

நான் உமாவிடம் சொன்னேன்: "பேசாம அந்த வரியைச் சரி பண்ணிப் போட்டுரேன். ஆருக்குத் தெரியப் போவுது?"

ஆமாம். நான்தான். வாராவாரம் இங்கே நியாயம் பேசுகிற நானேதான். காலையில் மெயில் எழுதியவருக்கு 'நன்றி, திருத்திவிட்டேன்' என்று ஒரு வரி. புது வெர்ஷன். முடிந்தது. அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் எப்போதாவது புதுசை எடுத்துப் போடும்போது தானாகவே சரியாகிவிடும். உமாவின் பெயர் கெடாது. வேலை போகாது. கேஸ், கோர்ட் என்று எதுவும் வராது. என் மூளை எவ்வளவு வேகமாக வேலை செய்தது என்று நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

உமா கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"ஆறு மாசம்னு சொன்னதைக் கேட்டுட்டு அவங்க நிம்மதியா இருப்பாங்க மைனி" என்றாள். "அந்த நிம்மதி நான் குடுத்தது."



மூன்று வருடம் முன்னால் எனக்கும் ஒரு கட்டி. நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரி. ஊசி வைத்து எடுத்தார்கள். ரிப்போர்ட் வர ஆறு நாள். அந்த ஆறு நாளும் நான் சோறு பொங்கினேன், துணி துவைத்தேன், இந்தப் பத்திகூட எழுதினேன். எதுவும் ஞாபகம் இல்லை. ஏழாம் நாள் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, சாதாரணக் கட்டிதான்" என்றார். அப்போதுதான் அந்த அறையில் ஒரு ஜன்னல் இருப்பதே என் கண்ணில் பட்டது.

அந்தக் காகிதத்தை நம்பினேன். யார் பார்த்தார்கள், எந்த மெஷின், அதற்குள் என்ன ப்ரோக்ராம், அதை எழுதியவர் அன்றைக்குச் சரியாகத் தூங்கியிருந்தாரா... இதையெல்லாம் யார் கேட்கிறார்கள்?

"சொல்லிரு" என்றேன். "இப்பமே சொல்லிரு."

ஆனால் உடனே சொல்ல முடியவில்லை. 'நுனி' பற்றிய கட்டுரையில் உமாவோடு அவளுடைய பேராசிரியர் பெயரும் இருக்கிறது. அவரிடம் சொல்லாமல் செய்வது முறையா? பெங்களூருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டதால் நானும் கேட்டேன்.

அவர் முழுசாகக் கேட்டார். நல்ல மனிதர்தான். குரல் நிதானமாக இருந்தது.

"உமா, முதல்ல நல்லா உறுதி பண்ணிக்கோ. இது பேப்பரா வந்த விஷயம். நாலு பேர் பெயர் இருக்கு. அடுத்த வாரம் எல்லாரும் உட்கார்ந்து பேசி, என்ன வார்த்தையில் சொல்லலாம்னு முடிவு பண்ணலாம்."

"சார், உறுதி பண்ணிட்டேன். மூணு தடவை ஓட்டிப் பாத்துட்டேன்."

"அவசரப்பட்டா எல்லாருக்கும் கஷ்டம்."

"சார்... அவங்களுக்கு ஒவ்வொரு வாரமும் கணக்குதான். நமக்குத்தான் அது வெறும் அடுத்த வாரம்."

 "உன் இஷ்டம்" என்றார். வைத்துவிட்டார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் பயம். உமாவுக்கும் பயம். இரண்டு பயமும் வேறு வேறு பக்கம் பார்த்து நின்றன, அவ்வளவுதான்.

உமா மெயில் எழுதினாள். பத்து வரிதான். எழுத ஒரு மணி நேரம் ஆனது. 'தவறு நேர்ந்திருக்கிறது' என்று முதலில் எழுதினாள். அழித்தாள். 'நான் தவறு செய்திருக்கிறேன்' என்று எழுதினாள். அனுப்பும் பட்டனில் விரலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஏன் மூடினேன் என்று தெரியவில்லை. வெடி வெடிக்கப் போகிற மாதிரி.

அனுப்பி அரை நிமிடம் இருக்காது. பதில் வந்துவிட்டது!

இரண்டு பேரும் ஒன்றாகக் குனிந்து பார்த்தோம். அந்த டாக்டர் லீவில் இருக்கிறாராம். மூன்று வாரம் கழித்துத்தான் வருவாராம். அதுவரை மெயில் பார்க்க மாட்டாராம். கம்ப்யூட்டர் தானாக அனுப்பிய பதில்.

உமா அழ ஆரம்பித்தாள். அதுவரை அழவில்லை.

கொஞ்ச நேரம் அழட்டும் என்று விட்டேன். பிறகு பழைய மெயிலின் அடியில் தேடினேன். ஆஸ்பத்திரியின் போன் நம்பர் இருந்தது.

"கூப்பிடு."

"போன்லயா? மைனி, நான் என்னன்னு பேசுவேன்? என்னைய ஆருன்னு தெரியும் அவங்களுக்கு?"

"தெரியாதுல்லா. அதான் கூப்பிடச் சொல்லுகேன்."

நமக்கு மத்தியானம் என்றால் அவர்களுக்குக் காலை. சரியான நேரம். லேப்டாப்பில் நெட் வழியாகவே கூப்பிட்டாள். ரிங் போனது. யாரோ எடுத்தார்கள். உமா தன் பெயரைச் சொன்னாள்...

கரண்ட் போய்விட்டது.

ஆடி மாதம் எங்கள் ஊரில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று, தென்னையைக் குனிய வைத்துவிட்டுப் போகும். ஒரு மட்டை ஒயரில் விழுந்தால் போதும். மோடம் அணைந்தது. செல்போனில் வீட்டுக்குள் ஒரு கோடுதான் நிற்கும். மொட்டை மாடிக்கு ஓடினோம். சிக்னல் இருந்தது. செல்போனிலேயே மறுபடி கூப்பிட்டாள். ஆனால் காற்றின் இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. "ஹலோ... ஹலோ..." என்று உமா கத்துகிறாள். அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.

ஸ்கூட்டரை எடுத்தேன். உமா லேப்டாப்பை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். ரோட்டில் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. எதிரே ஒரு டாரஸ் லாரி. இந்த நேரத்தில் நாம் விழுந்துவிட்டால் அங்கே முப்பத்தேழு பேருக்கும் யார் சொல்வார்கள் என்று நினைத்தேன். என் உயிர் அத்தனை முக்கியமாக எனக்கு என்றைக்கும் தோன்றியதில்லை.

பூச்சந்தைக்குப் போனோம். விடிவதற்கு முன்னால் ஆரம்பித்துக் காலையிலேயே வியாபாரம் முடிந்துவிடும் சந்தை. மத்தியானத்தில் ஈ, காக்கா கிடையாது. நான்கு பக்கமும் கடைகள், மேலே கூரை. காற்று உள்ளே வராது. சிக்னல் நன்றாக இருக்கும். வேறு எந்த இடமும் என் புத்திக்கு எட்டவில்லை.

தரை முழுக்க மிதிபட்ட கேந்திப் பூ, வாழை நார், கிழிந்த சாக்கு. ஒரு மூலையில் ஒருவர் மோட்டார் போட்டு ஓஸ் பைப்பால் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். உமா ஒரு கடைப் பலகையில் உட்கார்ந்து மறுபடி கூப்பிட்டாள்.

முதலில் ரிசப்ஷன். "அப்பாயின்ட்மென்ட் வேண்டுமா?" இல்லை என்றாள். வேறு இடத்துக்கு மாற்றினார்கள். "டாக்டர் லீவு. மெயில் அனுப்புங்கள்." அனுப்பியாகிவிட்டது என்றாள். "அப்படியானால் காத்திருங்கள்." காத்திருக்க முடியாது என்றாள். மறுபடி மாற்றினார்கள். ஏதோ ஒரு சங்கீதம் ஓடியது.

தண்ணீர் எங்கள் காலடிக்கு வந்துவிட்டது. மோட்டார் சத்தம். அந்த மனிதர் கையை ஆட்டினார்.

"இங்க இருக்காதீங்க அக்கா. கழுவணும்."

நான் எழுந்து போய், "அண்ணே, ஒரு பத்து நிமிஷம். ஆஸ்பத்திரிக்குப் பேசிட்டு இருக்கா" என்றேன்.

அவர் உமாவைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் தெரியும்.

"ஆருக்காவது ரொம்ப முடியலியா?"

என்ன சொல்ல? யார் என்று எங்களுக்கே தெரியாது. "ஆமா" என்றேன்.

அவர் போய் மோட்டாரை அணைத்தார். ஓஸைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு தூணில் சாய்ந்து நின்றார். உமா பேசி முடிக்கிற வரைக்கும் அப்படியே நின்றார்.

சங்கீதம் நின்றது. ஒரு பெண் குரல். அந்த ஆய்வைக் கவனித்துக்கொள்கிற நர்ஸ். உமா இங்கிலீஷில் சொன்னாள். நான் தமிழில் எழுதுகிறேன்.

"நீங்கள் யார்?"

"நீங்கள் பயன்படுத்தும் ப்ரோக்ராமை எழுதியவள். இந்தியாவில் இருந்து பேசுகிறேன். அதில் ஒரு தவறு இருக்கிறது. சில நோயாளிகளுக்கு ஆபத்து குறைவு என்று தப்பாகக் காட்டியிருக்கலாம்."

"தவறு எங்கள் பக்கமா, உங்கள் பக்கமா?"

"என்னுடையது."

எத்தனையோ ஆபீஸ் படி ஏறியிருக்கிறேன். இந்த ஒரு சொல்லை இவ்வளவு நேராக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்தப் பெண் சத்தம் போடவில்லை. எந்த வெர்ஷன் என்று கேட்டார். உமா சொன்னாள். கீபோர்டு தட்டுகிற சத்தம். "ஆமாம், எங்களிடம் அதுதான் இருக்கிறது." பிறகு, "ஒரு நிமிடம்" என்றார்.

அந்த ஒரு நிமிடம், பதினோரு நிமிடம் ஓடியது. நான் என் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். போனைத் துண்டித்துவிட்டார்களா? வக்கீலைக் கூப்பிடுகிறார்களா? உமா போன் திரையை ஒருமுறை பார்த்தாள். "சார்ஜ் எட்டுதான் இருக்கு மைனி" என்றாள், உதடு மட்டும் அசைய.

இன்னொரு டாக்டர் வந்தார். வளவளவென்று பேசவில்லை. திருத்திய ப்ரோக்ராமையும், எந்தெந்த ஜீனில் தப்பு வரும் என்ற பட்டியலையும் இன்றே அனுப்புங்கள். முப்பத்தேழு பேருக்கும் மறுபடி ஓட்டிப் பார்க்கிறோம். அதுவரை எல்லோரையும் மூன்று மாதக் கணக்கிலேயே வைக்கிறோம். அவ்வளவுதான். கடைசியில் ஒரு கேள்வி மட்டும் கேட்டார்.

"வேறு எங்காவது தவறு இருக்கிறதா?"

உமா, "தெரியவில்லை" என்றாள்.

அந்தத் 'தெரியவில்லை'தான் அடுத்த ஆறு நாளும் எங்கள் வீட்டில் நடமாடியது.

சாயங்காலம் கரண்ட் வந்ததும் திருத்தி அனுப்பிவிட்டாள். 'நுனி'யின் பக்கத்தில் எல்லோரும் பார்க்கிற மாதிரி அறிவிப்பும் போட்டாள்: இந்த வெர்ஷனைப் பயன்படுத்தாதீர்கள், இதுவரை பயன்படுத்தியவர்கள் மறுபடி ஓட்டிப் பாருங்கள், தவறு என்னுடையது. அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கம்பெனிக்கு லீவு போட்டாள். ஒரு வரி தப்பு என்றால் மற்ற வரி? ப்ரோக்ராமை முதல் வரியில் இருந்து வாசிக்க ஆரம்பித்தாள். வாய்விட்டு. கேட்பதற்கு ஆள் வேண்டுமாம். ஆள் யார்? நான்தான்.

எனக்கு ஒரு எழுத்தும் புரியாது. ஆனாலும் மாடியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த வரி எதுக்கு?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். புரியாத ஆளுக்குச் சொல்லும்போதுதான் தப்பு மாட்டும் என்றாள். ஆறு நாள். காலை ஒன்பதில் இருந்து விளக்கு வைக்கிற நேரம் வரை. நான்காம் நாள் ஒரு இடத்தில் நிறுத்தினாள். மறுபடி வாசித்தாள்.  பார்த்தால், ஒரு எச்சரிக்கைச் செய்தியில் ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்கு எழுத்துப்பிழை. இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் மறுபடி அழுதாள்.

இடையில் சென்னையில் இருந்து என் கணவர் வந்தார். விஷயத்தைக் கேட்டார். "வேலைக்கு ஏதாவது ஆவுமா?" என்று மெதுவாக என்னிடம் மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். எங்களிடம் இருந்த எல்லாக் கேள்விக்கும் அந்த வாரம் அதுதான் பதில்.

ஏழாம் நாள் மெயில் வந்தது. உமா திறக்கவில்லை. "நீங்க வாசிங்க மைனி" என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுவிட்டாள்.

வாசித்தேன். முப்பத்தேழு பேரில் ஐந்து பேர் இடம் மாறியிருக்கிறார்கள். ஆறு மாதத்தில் இருந்து மூன்று மாதத்துக்கு. ஐந்து பேரையும் கூப்பிட்டு உண்மையைச் சொல்லி உடனே ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். நான்கு பேருக்கு எதுவும் இல்லை.

அடுத்த வரி: 'ஐந்தாவது நோயாளிக்குத் தேவையான சிகிச்சையைத் தொடங்கியிருக்கிறோம். நான்கு மாதம் முன்கூட்டியே தெரிந்ததில் எங்களுக்கு நிம்மதி. தொடர்புகொண்டதற்கு நன்றி.'

சத்தமாக வாசித்துவிட்டு நிமிர்ந்தேன். உமா திரும்பவில்லை.

"நாலு மாசம் முன்கூட்டி" என்றாள். "ரெண்டு மாசம் முன்ன அவங்களை மூணு மாசக் கணக்குல வச்சிருந்தா, இன்னும் கொஞ்சம் சீக்கிரமா தெரிஞ்சிருக்குமா மைனி? இல்ல, அப்பவும் இப்பதானா?"

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று மாதம் என்றால் இன்னும் ஒரு மாதம் கழித்துத்தான் ஸ்கேன் வந்திருக்கும். "அதை விட இப்ப சீக்கிரம்தாம்ட்டி" என்றேன். உண்மைதான். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் நான் கணக்குச் சரியாகச் சொல்கிறேனா, இல்லை அவளைச் சமாதானப்படுத்தத் தேடித்தேடிச் சொல்கிறேனா என்று எனக்கே சந்தேகம்.

அந்தப் பெண்ணின் பெயர் எங்களுக்குத் தெரியாது. வயசு தெரியாது. எப்படி இருக்கிறார் என்று கேட்க எங்களுக்கு உரிமை இல்லை. சொல்ல அவர்களுக்கும் இல்லை. உமாவின் வாழ்நாளில் அவள் அதிகமாக நினைக்கப்போகிற ஆள் அவராகத்தான் இருப்பார். அவருக்கு உமா என்று ஒருத்தி இருப்பதே தெரியாமல் போகலாம்.

பேராசிரியர் பத்தாம் நாள் போன் செய்தார். அறிவிப்பில் தன் பெயரையும் சேர்க்கச் சொன்னார். "அன்னைக்கு நான் பயந்துட்டேன்மா" என்றார். அதைச் சொன்னதில் அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது. கம்பெனியில் யாரும் எதுவும் கேட்கவில்லை. 'நுனி'யைப் பயன்படுத்திய வேறு சிலர் கோபமாக எழுதினார்கள். சிலர் நன்றி சொன்னார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி பணிவாகப் பதில் போட்டாள்.

நானும் ஒரு காரியம் செய்தேன். அந்தப் பழைய கட்டிக்குப் பிறகு வருடம் ஒருமுறை வந்து காட்டச் சொல்லியிருந்தார்கள். இரண்டு வருடமாகப் போகவில்லை. நேரம் இல்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். பேடி என்று யாரிடமும் சொன்னதில்லை. போன வாரம் உமாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். ஒன்றும் இல்லை என்றார்கள். "இது எந்த மெஷின், எப்பம் சோதிச்சுப் பாத்தது?" என்று உமா கேட்டாள். அந்த டெக்னீஷியன் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். பார்த்துவிட்டு, உள்ளே போய் ரிஜிஸ்டரை எடுத்துவந்து காட்டினார்.

உமா மறுபடி ஞாயிற்றுக்கிழமைகளில் 'நுனி' முன்னால் உட்காருகிறாள். ஒவ்வொரு தடவையும் அனுப்பும் பட்டனைத் தொடுவதற்கு முன்னால் அவள் விரல் நடுங்குகிறது. முன்பெல்லாம் நடுங்காது. "இது போயிருமா மைனி?" என்று கேட்டாள்.

போகக் கூடாது என்றுதான் நான் வேண்டிக்கொள்கிறேன். கை நடுங்காதவர்கள் எழுதிய ப்ரோக்ராமில் இருந்து என் ரிப்போர்ட் வராமல் இருந்தால் போதும்!